கழற்றிப் பூட்டும் கைகழுவும் மேசை
வீட்டுத் தச்சுப் பாடம்

இடம்பெயர்ந்து மீண்டும் குடியமர்ந்த ஒரு குடும்பம் வீட்டை எந்த ஒழுங்கில் கட்டியெழுப்புகிறது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. முதலில் கூரை, அதன்பின் கிணறு, பின்னர் மலசலகூடம். இவை மூன்றும் வந்தபின் காசும் முடிந்துவிடும், உடம்பும் களைத்துவிடும். மலசலகூடத்தால் வெளியே வருபவர் கைகழுவுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது கடைசி வரை வந்து நின்றுபோகிறது. 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 550,000 ரூபா உதவியுடன் வன்னியெங்கும் வீடுகள் எழுந்தன. அவ்வாறான வீடுகள் பலவற்றிலும் இன்றும் கைகழுவும் இடம் என்பது கிணற்றடியில் தரையில் கிடக்கும் ஒரு வாளியும் கோப்பையுமே.

தரையில் இருக்கும் வாளி குறைந்த இடைஞ்சல் போலத் தோன்றும். ஆனால் அழுக்குக் கையால் கோப்பையைப் பிடிக்கிறோம். அதே கோப்பை வாளிக்குள் போகிறது. அடுத்தவர் அந்த நீரையே அள்ளுகிறார். முதியவர் குனிய முடியாமல் கழுவாமலே போகிறார். காலை இழந்தவர், சில்லு நாற்காலியில் இருப்பவர் இன்னொருவர் வந்து ஊற்றும்வரை காத்திருக்கிறார். எமது மாவட்டங்களில் இப்படிக் காத்திருப்போர் எத்தனை பேர் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கைகழுவுதல் சிறிய காரியம் அன்று. 1847இல் வியன்னா நகரின் மகப்பேற்று மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரேத பரிசோதனை செய்துவிட்டுப் பிரசவம் பார்க்க வரும் வைத்தியர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அவரது விடுதியில் நூறு தாய்மாரில் பதினெட்டுப் பேர் வரை இறந்தனர். யூனில் அது ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் வரவில்லை. கைகள் மட்டுமே கழுவப்பட்டன. 2020இல் கொரோனாக் காலத்தில் எமது பாடசாலை வாசல்களிலும் அலுவலக வாசல்களிலும் கைகழுவும் இடங்கள் தோன்றியதை நினைத்துப் பாருங்கள். வீட்டிலும் அது தேவை என்பதே இப்பாடத்தின் தொடக்கம்.

ஏன் கழற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும்?

சீமெந்தால் ஒரு தொட்டி கட்டிவிடலாமே என்று கேட்கலாம். உறுதிக்காணி உள்ளவர் கட்டலாம். ஆனால் எம்மில் பலருக்கு, இன்றிருக்கும் இடம் நாளைக்கும் இருக்குமா என்பது உறுதியில்லை. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குச் சென்றவர்கள், கையில் எடுக்கக்கூடியதை மட்டுமே எடுத்தார்கள். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது, கேப்பாப்பிலவுக் குடும்பங்கள் தமது காணிக்குப் போகவில்லை. அக்காணியில் படையினர் இருந்தபடியால் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளை இன்னும் எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த நாள் வரும்போது சீமெந்துத் தொட்டியைத் தூக்கிச் செல்ல முடியாது.

ஆகவே இங்கே நாம் படிக்கப்போவது, நான்கு ஆப்புகளைத் தட்டினால் கழன்று, ஒரு சைக்கிள் கரியரிலோ உழவு இயந்திரப் பெட்டியிலோ ஏற்றக்கூடிய மர மேசை. கழன்றாலும் உறுதியாக நிற்பது. நனைந்தாலும் உக்காமல் இருப்பது. இவ்விரண்டும் கைவந்தால் பாடம் முடிந்தது.

மரம் தெரிதல்

புதிய மரம் வாங்க வேண்டியதில்லை. உடைந்த வீட்டின் கதவுநிலை, யன்னல் நிலை, கூரையிலிருந்து இறக்கிய சிலாகை இவையே போதும். பழைய மரம் ஏற்கெனவே காய்ந்திருப்பதால் வளையாது. கால்களுக்கும் குறுக்குச்சட்டங்களுக்கும் பாலை, முதிரை, வேம்பு ஏற்றவை. மேற்பலகைக்கு வேம்பு போதும். பனையில் வெளிப்புற வைரம் மட்டுமே உறுதியானது; உட்சோறு ஈரத்தில் உக்கிவிடும். வைரத்திலிருந்து அகலப் பலகை கிடைக்காது. எனவே பனஞ்சிலாகையைக் கீழ்த்தட்டுக்கும் முளைகளுக்கும் வைத்துக்கொள்வோம்.

மரத்தைத் தொடுமுன் நான்கு எச்சரிக்கைகள்:

முதலாவது, இரும்பு. பதுங்குகுழிக்கு மூடியாகக் கிடந்த குற்றிகளிலும், சண்டை நடந்த இடங்களில் நின்ற மரங்களிலும் எறிகணைச் சிதறல்கள் புதைந்திருக்கின்றன. வாள் அதில் பட்டால் பல் உடையும். இயந்திர வாளானால் துண்டு பறந்து ஆளைத் தாக்கும். பட்டையில் பழைய காயம் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் கருநீலக் கறை இருந்தால் உள்ளே இரும்பு இருக்கக்கூடும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்தக் குற்றியை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கண்ணிவெடி. அகற்றும் பணி இன்னும் முழுமையடையவில்லை. மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்திற்குள்ளும், பழைய காவலரண் ஓரங்களுக்குள்ளும் ஒரு துண்டுப் பலகைக்காக இறங்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

மூன்றாவது, சட்டம். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. அவை எமது சொந்தக் காணியில் நின்றாலும் அப்படித்தான். மரத்தை வாகனத்தில் ஏற்றுமுன்னரும் என்ன அனுமதி வேண்டும் என்று கிராம அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, தூள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். மூக்கை ஈரத் துணியால் கட்டி, வேலை முடிந்ததும் குளியுங்கள். பழைய கதவில் உள்ள பூச்சில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள். சுரண்டியதைக் குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் போடாதீர்கள்.

பச்சைமரம்தான் கிடைத்தது என்றால் பலகையாக அரிந்து, நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, பலகைக்குப் பலகை ஒரே தடிப்பான குச்சிகளை இடையில் வைத்து, நிழலில் அடுக்குங்கள். சோழகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலம் இதற்கு மிக நல்லது. ஒரு துண்டை மட்டும் அடையாளமிட்டுக் கடைத் தராசில் இரண்டு கிழமைக்கொருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது.

வேண்டிய துண்டுகள்

கால்: 2 அங்குலத்திற்கு 2 அங்குலம், 28 அங்குல நீளத்தில் 4.
பக்கச்சட்டம்: 2 அங்குல உயரம், 1¼ அங்குலத் தடிப்பு, 15½ அங்குல நீளத்தில் 4.
நீளச்சட்டம்: 3 அங்குல உயரம், 1¼ அங்குலத் தடிப்பு, 39 அங்குல நீளத்தில் 3.
மேற்பலகை: 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு, 36 அங்குல நீளத்தில் 3.
அடிக்கட்டை: 1½ அங்குலத்திற்கு 1 அங்குலம், 12½ அங்குல நீளத்தில் 3.
கீழ்த்தட்டுச் சிலாகை: 16 அங்குல நீளத்தில் 6.
இவற்றோடு ஆப்புக்கும் முளைக்கும் வைரமான துண்டுகள், விளிம்பு உள்ள 14 அங்குலப் பேசின் ஒன்று, பைப் பூட்டிய 10 லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்று.

கருவிகள்: கைவாள், சீவுளி, அரை அங்குல உளி, கொட்டாப்புளி, துறப்பணம், மூலைமட்டம். மூலைமட்டம் இல்லாவிட்டால் மூன்று சிலாகைகளை 6, 8, 10 அங்குல அளவில் முக்கோணமாகப் பூட்டுங்கள். ஆறும் எட்டும் சந்திக்கும் மூலை சரியான மூலைமட்டமாக இருக்கும்.

செய்யும் முறை

1. பக்கச் சட்டகங்கள். இரண்டு கால்களையும் இரண்டு பக்கச்சட்டங்களையும் சேர்த்தால் ஒரு பக்கம். பக்கச்சட்டத்தின் இரு முனையிலும் 1¼ அங்குல நீளமான நாக்குச் சீவி, காலில் அதற்கேற்ற துளை வெட்டுங்கள். நாக்கின் தடிப்பு 5/8 அங்குலம், அதாவது காலின் தடிப்பில் ஏறத்தாழ மூன்றிலொன்று. இதைவிடத் தடித்தால் கால் பிளக்கும். மெலிந்தால் நாக்கு முறியும். மேற்சட்டம் காலின் உச்சியோடு சமமாக வரட்டும். ஆனால் துளை உச்சியிலிருந்து அரை அங்குலம் கீழேதான் தொடங்க வேண்டும். அல்லாவிடில் மேல்விளிம்பு உடைந்துபோகும். கீழ்ச்சட்டத்தின் அடிவிளிம்பு நிலத்திலிருந்து 7 அங்குலத்தில் இருக்கட்டும். ஈரத்தில் கரையாத பசையிட்டு, குறுக்கே துளைத்துப் பனைவைர முளை அடித்து இறுக்குங்கள். இந்த இரு பக்கங்களும் இனிக் கழலாதவை.

முளை அடிக்குமுன் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு கயிறால் அளவுங்கள். இரு குறுக்களவும் சமமானால் சட்டகம் நேராக உள்ளது.

2. நீளச்சட்டங்கள். கழலும் பகுதி இதுவே. மூன்றில் ஒன்று பின்பக்கத்தில் மேலே, உச்சியிலிருந்து 3 அங்குலம் கீழே. மற்ற இரண்டும் முன்னும் பின்னும் கீழே, நிலத்திலிருந்து 3 அங்குல உயரத்தில். இவ்விதம் ஏற்றியும் இறக்கியும் வைப்பதால் பக்கச்சட்டத் துளையும் நீளச்சட்டத் துளையும் ஒரே இடத்தில் வந்து காலைப் பலவீனமாக்காது.

நீளச்சட்டத்தின் நடுவில் 30 அங்குலத்தை முழுத் தடிப்பில் விட்டு, இரு முனையிலும் 4½ அங்குல நீளமான நாக்குச் சீவுங்கள். நாக்கு 2 அங்குல உயரம், 5/8 அங்குலத் தடிப்பு. இது காலை ஊடுருவி வெளியே 2½ அங்குலம் நீட்டி நிற்கும். நீட்டிய நாக்கின் பக்கவாட்டில் ஆப்புத் துளை வெட்ட வேண்டும். கவனிக்க வேண்டிய நுணுக்கம் இங்கேதான் உள்ளது: ஆப்புத் துளையின் உள்விளிம்பு, காலின் வெளிமுகத்திலிருந்து நூல் கணக்கில், ஏறத்தாழ 1/8 அங்குலம், காலுக்குள் மறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு காலை அழுத்தி இழுக்கும். துளை முழுவதும் வெளியே இருந்தால் ஆப்பு துளையை நிரப்புமேயன்றி மூட்டை இறுக்காது, மேசை ஆடும். துளைக்கு அப்பால் நாக்கில் ஒன்றரை அங்குலத்திற்குக் குறையாமல் மரம் மிஞ்சட்டும். குறைந்தால் ஆப்பு அடிக்கும்போது நுனி பிய்ந்துவிடும்.

ஆப்பை ஒரு முனையில் ¾ அங்குலமும் மறுமுனையில் ½ அங்குலமுமாகச் சரித்துச் சீவுங்கள். தடித்த முனையில் ஒரு சிறு துளையிட்டு நூலால் காலோடு கட்டிவைத்தால் கழற்றும்போது தொலையாது. மூன்று சட்டத்திற்கு ஆறு ஆப்பு. கீழ்ச்சட்டங்களின் நான்கு ஆப்பைக் கழற்றினாலே மேசை தளர்ந்துவிடும். மேலே உள்ள இரண்டும் கையால் வரும்.

ஒவ்வொரு மூட்டிலும் காலிலும் நாக்கிலும் ஒரே அடையாளத்தை உளியால் கீறிவிடுங்கள்: முதலாவதுக்கு ஒரு கீறு, இரண்டாவதுக்கு இரண்டு. கைச்செதுக்கில் ஒரு நாக்கு இன்னொரு துளைக்குச் சரியாகப் பொருந்தாது. புது இடத்தில் இருட்டில் பூட்ட நேர்ந்தாலும் விரலால் தடவி அறியலாம்.

3. மேற்பலகை. மூன்று பலகைகளையும் ஒரு நாணயத் தடிப்பு இடைவெளி விட்டு அடுக்குங்கள். மாரியில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் வேண்டும். சிந்தும் நீரும் அவ்வழியே வடியும். அடிக்கட்டை ஒன்றை இடப்புறத்திலும் ஒன்றை வலப்புறத்திலும், பக்கச் சட்டகங்களுக்கு உட்புறமாகத் தொட்டுக்கொண்டு இருக்கும்படி பூட்டுங்கள். மூன்றாவது பேசின் துளைக்கு வலப்புறமாக வரும். துருப்பிடிக்காத திருகாணியையே பயன்படுத்தி, முதலில் துறப்பணத்தால் துளைத்த பின்னரே முறுக்குங்கள். இக்கட்டைகள் கால்களுக்கும் சட்டங்களுக்கும் நடுவில் அமர்ந்து பலகையை அசையாமல் பிடிக்கும். ஆணி வேண்டியதில்லை, தூக்கினால் பலகை கழன்று வரும்.

4. பேசின் துளை. இடப்பக்க ஓரத்திலிருந்து 11 அங்குலத்தில், அகலத்தின் நடுவில் ஒரு புள்ளி இடுங்கள். பேசினைக் கவிழ்த்து வைத்து விளிம்பைச் சுற்றிக் கோடு கீறுங்கள். அதற்கு அரை அங்குலம் உட்புறமாக இன்னொரு வட்டம் கீறுங்கள். வெட்ட வேண்டியது உள்வட்டமே. வெளிவட்டத்தில் வெட்டினால் பேசின் கீழே விழுந்துவிடும். உள்வட்டத்தின் ஓரமாக நெருக்கமாகத் துளைகளிட்டு, சிறுவாளால் தொடுத்து அறுத்து, அரத்தால் மழுப்புங்கள்.

5. கானும் வாளியும். வலப்புறத்தில் 8 அங்குல உயரமான சிறு பெட்டி ஒன்றை வைத்து அதன்மேல் கானை வையுங்கள். பைப் பேசினின் மேலாக நீட்டி நிற்க வேண்டும். பெட்டியின் உள்ளே சவர்க்காரம், துவாய் வைக்கலாம். பேசினின் அடியில் துளையிட்டு, வன்பொருட் கடைகளில் கிடைக்கும் றப்பர் வளையம் உள்ள பிளாஸ்ரிக் வாயைப் பூட்டி, கீழ்த்தட்டில் ஒரு வாளியை வையுங்கள். வாளி கானைவிடப் பெரியதாக இருக்கட்டும். பைப்பை மூட மறந்தாலும் வழியாது.

ஈரத்திடமிருந்து காத்தல்

மரம் உக்குவது பெரும்பாலும் வெட்டுமுகத்தில்தான் தொடங்கும். மரத்தின் நார்கள் மெல்லிய குழாய்கள் போன்றவை. காலின் அடிமுகம் ஈரமண்ணில் நின்றால் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை மேலே இழுக்கும். எனவே பூச்சில் சிக்கனம் பிடிக்க வேண்டுமானால் மேற்பரப்பில் பிடியுங்கள், வெட்டுமுகத்தில் பிடிக்காதீர்கள். காலின் அடி, பலகையின் இரு முனை, பேசின் துளையின் உள்விளிம்பு, நாக்குகள் ஆகியவற்றுக்கு மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஆப்புக்கும் ஆப்புத் துளைக்கும் பூச வேண்டாம், வழுக்கும்.

நான்கு காலையும் நான்கு தட்டையான கல்லின்மேல் நிறுத்துங்கள். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன்னர் மேசையைக் கழற்றி, காயவிட்டு, வெடித்த இடங்களில் பூசி, மீண்டும் பூட்டுங்கள். இது பராமரிப்பு மட்டுமன்று. கழற்றிப் பூட்டும் முறையை வீட்டிலுள்ள எல்லோரும் மறக்காமல் இருக்கும் பயிற்சியும் ஆகும்.

யாருக்காகச் செய்கிறோம்?

மேலே தந்த அளவுகள் நின்றுகொண்டு கழுவும் வளர்ந்தவருக்கானவை. குழந்தைகளுக்கு 8 அங்குல உயரப் படிக்கட்டை ஒன்றைச் செய்துவையுங்கள். சில்லு நாற்காலியில் இருப்பவர் இருந்தால் மரத்தை அறுக்குமுன் அவரிடம் போங்கள். நாற்காலியில் அமர்ந்தபடி அவரது முழங்கால் எவ்வளவு உயரம் என்று அளந்து, பேசினின் அடி அதற்கு மேலே நிற்கும்படி காலின் நீளத்தைத் தீர்மானியுங்கள். ஆழம் குறைந்த பேசினைத் தெரியுங்கள். முன்பக்கக் கீழ்ச்சட்டத்தையும் தட்டையும் விட்டுவிட்டு, பின்பக்கச் சட்டம் இரண்டையும் தடித்த மரத்தில் செய்து, மேசையைச் சுவரோடு சாய்த்துக் கட்டுங்கள். வாளியை ஒரு பக்கமாக வையுங்கள். பைப் கைக்கு எட்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு கை மட்டும் உள்ளவருக்குச் சவர்க்காரத்தை வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டால் வழுக்காது. யாருடைய துணையும் இன்றித் தானே முகம் கழுவுவது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை அந்த மனிதரே அறிவார்.

சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியையும் தொங்கவிடுங்கள். அது ஆடம்பரம் அன்று.

நீரைப் பற்றி

ஒருமுறை கைகழுவ அரை லீற்றர் போதும். பத்து லீற்றர்க் கான் இருபது முறைக்குக் காணும். வாளியில் சேரும் நீரைக் கிணற்றடியில் கொட்டாமல் வாழைக்கு ஊற்றுங்கள். ஒரே வாழைக்கு நாளும் ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். வாளியிலும் பேசினிலும் நீர் தேங்க விடாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். ஆகவே கிழமைக்கொருமுறை கான், பேசின், வாளி மூன்றையும் உரஞ்சிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

சேர்ந்து செய்வோம்

ஒரு மேசையைத் தனியாகச் செய்பவருக்கு ஒவ்வொரு மூட்டும் புதிதாக இருக்கும். ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒருவர் நாக்குச் சீவ, ஒருவர் துளை வெட்ட, ஒருவர் பூச என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு தொகுதிக் கருவி ஐவருக்கும் போதும். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைக் கூலிக்குச் செய்விக்கும்படி விட்டுவிடாமல், உளியைக் கையில் கொடுத்துக் கற்பியுங்கள். இந்த மேசையில் உள்ள வேலை எதற்கும் பெரும் பலம் வேண்டியதில்லை. கூர்மையான உளியும் பொறுமையும் வேண்டும். முதல் மேசை சற்று ஆடினாலும் ஐந்தாவது மேசை விற்பனைக்கு உரியதாக இருக்கும். முன்பள்ளிக்கும் வாசிகசாலைக்கும் இத்தகைய மேசை தேவைப்படும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டில் மலசலகூடத்தால் வருபவர் கைகழுவும் இடம் எத்தனை அடி தூரத்தில் உள்ளது? சிறுவர்கள் அங்கே போகிறார்களா?
2. உங்கள் வளவில் காய்ந்து கிடக்கும் பழைய மரங்கள் எவை? அவற்றில் இரும்பு உண்டா என்று எப்படிச் சோதிப்பீர்கள்?
3. ஆப்புத் துளை காலுக்கு முற்றிலும் வெளியே அமைந்துவிட்டால் என்ன நடக்கும்? ஏன்?
4. உங்கள் கிராமத்தில் குனிந்து கழுவ முடியாதவர்கள் யார் யார்? முதலாவது மேசையை யாருடைய வீட்டில் வைப்பீர்கள்?

நான்காவது கேள்விக்கு விடை கண்ட பின்னர் மரத்தை அளக்கத் தொடங்குங்கள்.